என் பெயரில் மட்டும் கொஞ்சம் வெள்ளி

என் ஆசை அக்காச்சிக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. வெள்ளவத்தையில் நம் மாடிப் பிளட்டுக்கு முன்னால் கட்டத் தொடங்கிய கட்டடம் இப்போது நம் உயரத்தைத் தாண்டிவிட்டது. பின்னேரங்களில் நீ கதிரை போட்டிருந்து பார்த்த துண்டுக் கடலை அது மறைத்துவிட்டது. உப்புக்காற்று மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்து வருகிறது. லிப்ட் வேலை செய்கிறது, நம்பினால் நம்பு.

இரண்டாவது செய்தியைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். நான் வெள்ளி வாங்கியிருக்கிறேன். கொலுசு இல்லை, குத்துவிளக்கு இல்லை, பிள்ளைக்குப் பால் பருக்கும் சங்கும் இல்லை. நாணயம். ஒவ்வொன்றும் ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளி. நாளைக்குத் தேவை வந்தால் விற்பதற்கென்றே வாங்கியது.

"வெள்ளியோ? கால்ல போடுற சாமானையோடி காசு குடுத்து வாங்கினனி?" நீ கேட்பது காதில் விழுகிறது. ஓம் அக்கா, கால்ல போடுற சாமான்தான். கோபம் வந்தால் வரட்டும். இருந்து முழுவதையும் கேள்.

இந்தக் கடிதத்தைப் பேப்பருக்கும் கொடுக்கப்போகிறேன். வீட்டுக் கதையை ஊருக்குச் சொல்லாதே என்பாய். உன் கதை உன் ஒருத்தியின் கதை என்றால் சொல்லமாட்டேன். இந்தக் கொழும்பில் எத்தனை வீட்டில் எத்தனை பெண்களின் காப்பு வேறொருவர் பெயரில் பூட்டிக் கிடக்கிறது என்று உனக்கும் எனக்கும் தெரியாதா?

அத்தான் செத்துப்போன பிறகு உன் நகைகளை நம் தம்பி நேசன்தான் எடுத்துப்போனான். "ரெண்டு பொம்பிளையள் தனிய இருக்கிற பிளட்டில இதுகளை வச்சிருக்கேலாது" என்று சொல்லி, கொட்டாஞ்சேனையில் ஒரு வங்கி லொக்கரில் வைத்தான். லொக்கர் அவன் பெயரிலும் அவன் மனைவி வதனி பெயரிலும் இருந்தது. தம்பிதானே. பாதுகாப்புத்தானே. கப்பல் கம்பனியில் தட்டெழுதி நீ சேர்த்த காப்புகள் நீ தொடமுடியாத ஒரு பெட்டிக்குள் போனதை அன்று ஒருவரும் பெரிதாக நினைக்கவில்லை.

பிறகு அந்த வருஷம் வந்தது. காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, ரூபாய் விழுந்துகொண்டே போன வருஷம். உன் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தில்லை, ஒப்பரேஷனை வெளியில் காசுக்குச் செய்யுங்கோ என்றார்கள். நீ நேசனுக்குப் போன் எடுத்தாய்.

"தம்பி, அந்தக் காப்பு ரெண்டையும் ஒருக்கா எடுத்துத் தாறியே?"

"இப்ப விக்கிறது விசர் வேலை பெரியக்கா. பவுண் இன்னும் ஏறும். கொஞ்சம் பொறுங்கோ."

அவன் சொன்னது சரி. பவுண் ஏறித்தான் விட்டது. ஆனால் உன் வயிறு பவுண் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அந்தத் தாமதத்தால்தான் நீ போனாய் என்று நான் எழுதமாட்டேன். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்டேன், இரண்டு விதமாய்க் கேட்டேன். நிரூபிக்க முடியாததை எழுதாமல்தான் இவ்வளவு காலமும் தொழில் செய்தேன். நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். உன் சொந்தக் காப்பைக் கேட்பதற்கு ஒவ்வொரு முறையும் போன் எடுக்க முன்னர் நீ சீப்பால் தலை இழுத்தாய், சேலைத் தலைப்பைச் சரிசெய்தாய். போனில் அவனுக்கு உன்னைத் தெரியவா போகிறது? "என்ர சாமானைக் கேக்க எனக்கேன் இப்பிடி வெக்கமாக் கிடக்கு?" என்று என்னைக் கேட்டாய்.

கடைசியில் காப்பும் அட்டியலும் வந்தன. செட்டியார் தெரு நகைக்கடையில் விற்கப் போனது நான்தான். அட்டியலின் கல்லைக் கழற்றினார்கள், உள்ளே இருந்த அரக்கைச் சுரண்டினார்கள், மிச்சத்தைத் தராசில் போட்டார்கள். வாங்கும்போது நீ கொடுத்த செய்கூலியும் சேதாரமும் எங்கே என்று கேட்டேன். அது வாங்கும்போது மட்டும்தான் அம்மா என்றார்கள். பவுண் என்று நீ நினைத்ததில் ஒரு நல்ல பங்கு வேலைப்பாடு. வேலைப்பாட்டை ஒருவரும் திருப்பி எடுப்பதில்லை.

நேசன் கெட்டவன் என்று இதை வாசிக்கிறவர்கள் நினைக்கக் கூடாது. கரண்ட் இல்லாத நாள்களில் உன்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு அத்தனை படியும் இறங்கியவன் அவன்தான். சனிக்கிழமை தவறாமல் மீன் கொண்டுவந்து தந்தவனும் அவன்தான். அதனால்தான் அவனோடு சண்டை பிடிப்பது இவ்வளவு கஷ்டம்.

நீ போய்ச் சில மாதத்தில் பேப்பர் கந்தோரில் எனக்கு ஓய்வென்று மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். சம்பளத்தில் பிடித்து வைத்த சேமலாப நிதிக் காசு வந்தது. காசு வந்த கிழமையே நேசனும் வந்தான், கையில் வங்கிப் படிவத்தோடு.

"சின்னக்கா, உங்களுக்கு வயசு போகுது. நாளைக்கு விழுந்து கிடந்தா ஆர் காசு எடுக்கிறது? என்ர பேரையும் போட்டு ஜொயின்ட்டா ஒரு பிக்ஸட் டிப்பொசிட் போடுவம். வட்டியை மாசா மாசம் நான் கொண்டுவந்து தாறன்."

"என்ர வட்டியை நீ கொண்டுவந்து தருவியோ?"

"பின்ன? நீங்கள் ஏன் வங்கிக்கு அலையிறியள்?"

படிவத்தை வாங்கி மேசையில் வைத்தேன். கையெழுத்து வைக்கவில்லை.

முழுக் காசையும் நான் வெள்ளியில் போடவில்லை அக்கா, பயப்படாதே. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வேண்டியது வங்கியில் என் ஒருத்தியின் பெயரில் இருக்கிறது. மிச்சத்தில் ஒரு பங்கைத்தான் வேறு எதிலாவது வைக்க நினைத்தேன். ரூபாய் ஒருமுறை விழுந்ததைப் பார்த்தவள் நான். இன்னொருமுறை விழாது என்று எனக்கு எழுதித் தர யாரும் இல்லை.

பவுண் ஏன் வாங்கவில்லை என்று கேட்பாய். நம் குடும்பத்தில் பவுண் ஒன்று வந்தால் அதற்கு உடனே ஒரு கழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னாருடைய மகளுக்குக் கலியாணம், ஒரு நாளைக்குப் போட்டுவிட்டுத் தாறன் என்பார்கள். இரவல் கேட்பார்கள், இல்லாவிட்டால் பாதுகாத்துத் தருகிறோம் என்பார்கள். வெள்ளியை யார் கேட்பார்கள்? கால்ல போடுற சாமான் என்று நீங்கள் எல்லோரும் தள்ளிவைத்த பொருள் அது. எவரும் கண் வைக்காத ஒன்றைத்தான் நான் தேடினேன். என்னுடைய முதல் கணக்கு அதுதான். உலகச் சந்தை, டொலர் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி முதலில் செட்டியார் தெருவுக்குத்தான் போனேன். ஒரு பெரிய கடை. கல்லாவில் இருந்த இளைஞர் எழும்பி வரவேற்றார்.

"வாங்கம்மா. கலியாணத்துக்கா, பேர்த்டேக்கா?"

"எனக்கு."

"உங்களுக்குன்னா விளக்கு பாப்பமா?"

"நாணயம் பாப்பம்."

வெல்வெற் பெட்டி வந்தது. ஒரு பக்கம் லட்சுமி, மறுபக்கம் தாமரை, விளிம்பில் பொன்முலாம். இன்னொன்றில் ராசிச் சக்கரம். அழகாகத்தான் இருந்தது. நான் கேட்டது ஒரே கேள்வி. "இதைத் திருப்பிக் கொண்டுவந்தா என்ன விலைக்கு எடுப்பீங்கள்?"

"என்னம்மா, வாங்க முன்னமே விக்கிறதப் பத்திப் பேசுறீங்க."

"எடுப்பீங்களோ?"

"காசுக்கு எடுக்கிறதில்லம்மா. மாத்தித் தருவம். கொலுசு, கிண்ணம், எது வேணும்னாலும்."

வெள்ளத்துக்கும் கலவரத்துக்கும் செய்தி எடுக்கப் போன இடங்களில், திரும்பி வரும் பாதையை விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். வெள்ளிக்கும் அதையேதான் செய்தேன். அந்தத் தெருவில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் பதில் ஏறக்குறைய இதுதான். பெட்டிக்கும் முலாமுக்கும் லட்சுமிக்கும் சேர்த்துக் காசு எடுப்பார்கள், திருப்பி எடுக்கும்போது லட்சுமி எண்ணிக்கையில் வரமாட்டாள்.

துறைமுகச் செய்தி எழுதிய காலத்தில் தெரிந்த ஒரு சுங்க முகவர்தான் ஹில்மி நானா என்ற வெள்ளி வியாபாரியிடம் அனுப்பினார். தெருவின் பின்பக்கம், அலுமினியச் சட்டி விற்கும் கடைக்கு மேல் ஒரு சிறிய அறை. தராசு, மேசைவிளக்கு, சுவரில் மக்கா படம். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"என்ன மெடம், வெள்ளி ஏறும் எண்டு யூடியூப்ல பாத்தீங்களா?"

"இல்லை. இறங்கினா என்ன செய்யிறது எண்டு கேக்க வந்தனான்."

"அப்ப இரிங்கோ, பிளேன்டி குடிப்பம். ஏறும் எண்டு வாறவங்களுக்கு நான் பிளேன்டி குடுக்கிறல்ல."

ஒரு துணியை விரித்து மூன்று சாமானை வைத்தார். கங்காரு போட்ட நாணயம் ஒன்று, அது ஒரு நாட்டின் அரசாங்க நாணயச்சாலை அடித்தது. தனியார் கம்பனி ஒன்று அடித்த வட்டத் தகடு ஒன்று. மூன்றாவது ஒரு கிலோப் பாளம். மூன்றும் வெள்ளிதான், ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்குக்குக் குறையாத சுத்தம். உன் கொலுசு வெள்ளியில் செம்பு கலந்திருக்கும், இதில் கலப்பில்லை. கிராம் கணக்கில் பார்த்தால் பாளம்தான் மலிவு, அடுத்தது தகடு, அரசாங்க நாணயம் கொஞ்சம் விலை கூட.

"மலிவத்தானே எல்லாரும் கேப்பாங்க" என்றார். "நீங்க என்ன சொல்றீங்க?"

நான் யோசித்தேன். கிலோப் பாளத்தில் ஒரு மூலையை வெட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போக முடியாது. தேவை சிறிதாக வந்தால் சிறிதாகத்தான் விற்க வேண்டும். தனியார் தகட்டை ஹில்மி நானா எடுப்பார், ஆனால் அவர் கடையைப் பூட்டிவிட்டால் வேறு யார் எடுப்பார்? அரசாங்க நாணயத்தைத் துபாயிலும் சிங்கப்பூரிலும் ரொறன்ரோவிலும் பார்த்தவுடன் அடையாளம் காண்பார்கள். அந்த மேலதிகக் காசை நான் கொடுப்பது அழகுக்காக அல்ல, விற்க வசதிக்காக.

"கங்காரு" என்றேன்.

பிறகு என் பையைத் திறந்து சின்னத் தராசையும் விட்டம் அளக்கும் கருவியையும் வலுவான ஒரு காந்தத்தையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

"மெடம் பொலிஸா?"

"பேப்பர்."

"அதவிட மோசம்."

நிறை முப்பத்தொரு கிராமுக்குச் சற்று மேல், சரியாக இருந்தது. விட்டமும் தடிப்பும் சரி. நாணயத்தைச் சாய்த்துக் காந்தத்தை மேலே வைத்தேன். ஒட்டவில்லை. ஆனால் வேகமாய் விழவும் இல்லை, தேன் வழிவதுபோல மெதுவாக வழுக்கி இறங்கியது. வெள்ளி என்றால் அப்படித்தான் இறங்கும். வரி கட்டி இறக்கிய பற்றுச்சீட்டையும் கேட்டேன், காட்டினார். அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்கினேன்.

அடுத்த நாள் அதை விற்கப் போனேன். சிரிக்காதே. வாங்கியதை விற்றுப் பார்க்காமல் அது விலைபோகும் என்று எப்படி நம்புவது? ஒரு கடையில் கையிலேயே எடுக்கவில்லை. இன்னொரு கடையில் உருக்குகிற வெள்ளியின் விலை சொன்னார்கள். மூன்றாவதாக ஹில்மி நானாவிடமே மாடியேறினேன். அன்றைய சந்தை விலையில் கொஞ்சம் குறைத்துச் சொன்னார், முதல்நாள் இவ்வளவு குறைப்பேன் என்று சொன்ன அதே அளவு. எனக்கு வேண்டியது அதுதான். விற்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"மெடம், உங்களால நான் ஒரு பிளேன்டி நட்டம்" என்றார்.

நான் வெளிக்கிடும்போது ஒன்று சொன்னார். பிளாஸ்டிக் கூட்டிலிருந்து எடுக்காதீங்கோ, ரப்பர் பட்டி போடாதீங்கோ, பேப்பரில் சுற்றாதீங்கோ, கறுக்கும். ஆயுள் முழுக்க நான் எழுதிய தாளில் சுற்றினால் வெள்ளி கறுக்குமாம் அக்கா. இதற்கு நான் என்ன சொல்ல?

நாணயத்தை அதன் பிளாஸ்டிக் கூட்டோடு கண்ணாடி அலுமாரியில், உன் தேநீர்க் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். சில நாள் பார்த்துப் பழகிவிட்டு மிச்சத்தை வாங்குவோம் என்று நினைத்தேன். அதற்குள் வருஷம் திரும்பி உன் ஆட்டைத் திவசம் வந்தது.

வதனி காலையிலேயே சமைக்க வந்துவிட்டாள். நான் வாழையிலையும் பூவும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது உன் படத்துக்கு முன்னால் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் பளபளவென்று மின்னியது. கங்காருவின் முகத்தில் சந்தனப் பொட்டு. ஐயர் அதற்கும் ஒரு பூ வைத்திருந்தார்.

"மச்சாள், வெள்ளியைச் சாமிப் படத்தடியில வைக்காம அலுமாரியில வச்சிருக்கிறியளே. மங்கிக் கிடந்துது, மினுக்கி வச்சிருக்கிறன்" என்றாள் வதனி.

"கூடு எங்க வதனி?"

"அந்தப் பிளாஸ்டிக்கோ? கத்தியாலதான் திறக்க வந்துது. குப்பையில போட்டிட்டன்."

"எதால மினுக்கினீங்கள்?"

"திருநீறாலதான். பிறகு கொஞ்சம் பழப்புளி."

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீடுகளில் வெள்ளி என்றால் ஒன்று காலுக்கு, இல்லாவிட்டால் சாமிக்கு. சாமிக்கென்றால் திருநீறு போட்டுத் தேய்க்காமல் எப்படி? வதனியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நீயும் அதையேதான் செய்திருப்பாய்.

ஆனால் நேசன் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரம், பந்தியில் சொந்தக்காரர் எல்லோரும் இருக்க, ஆரம்பித்தான்.

"சின்னக்கா, இதுவோ உங்கட முதலீடு? திருநீறு பட்டா விலை போற சாமானோ?"

"கொஞ்சம் குறையும்."

"குறையும் எண்டு தெரிஞ்சோ வாங்கினனீங்கள்? பேப்பரில ஊருக்குப் புத்தி எழுதின ஆள். பெரியக்கா இருந்திருந்தா உங்கட காதைப் பிடிச்சுத் திருகியிருப்பா."

அதுவரை நான் பொறுமையாகத்தான் இருந்தேன். உன் பெயரை அவன் எடுத்தபிறகு முடியவில்லை.

"பெரியக்கா இருந்திருந்தா உன்னட்டைக் காப்புக் கேட்டு இன்னும் போன் எடுத்துக்கொண்டு இருந்திருப்பா."

வதனி பாயசக் கரண்டியை வாளிக்குள் விட்டபடி நின்றாள். நேசனின் முகம் சிவந்தது.

"நான் களவெடுத்தனானே?"

"இல்லை. ஒரு சதம் எடுக்கேல்லை. நீ வச்சிருந்தாய். அவவின்ர சாமானுக்கு அவ உன்னட்டைக் காத்துக்கொண்டு இருந்தா. நான் அப்பிடி இருக்கமாட்டன். அந்தப் படிவத்தில கையெழுத்தும் வைக்கமாட்டன்."

"விழுந்து கிடந்தா?"

"விழுந்து கிடந்தா வந்து தூக்கு. நீதான் தூக்குவாய், எனக்குத் தெரியும். என்ர பெட்டித் திறப்பு என்னட்டக் கிடக்கட்டும்."

அவன் எழும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. குனிந்து சாப்பிட்டான். இரண்டாம்முறை பாயசமும் வாங்கினான். உன் திவசத்துச் சோற்றை விட்டுவிட்டு எழும்பக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். நான் சொன்னது உன் படத்துக்கு முன்னால் சொல்லக்கூடிய பேச்சுத்தானா? நீ இருந்தால் என்னை அடக்கியிருப்பாய். நீ இல்லாததால்தான் சொல்ல முடிந்தது.

அடுத்த கிழமை அந்த நாணயத்தை ஒரு துணிப்பையில் போட்டு ஹில்மி நானாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உருப்பெருக்கியையும் எடுத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"ஆரு மெடம் இதுக்குப் பல்லு தீட்டின?"

"திருநீறு."

"அப்ப இதுக்குச் சுவர்க்கம் நிச்சயம். என்ட விலைதான் கொஞ்சம் கொறயும்."

முழுக்க மெல்லிய கீறல். இனி அதை நாணயமாக யாரும் பார்க்கமாட்டார்கள், வெறும் வெள்ளியாகத்தான் எடுப்பார்கள் என்றார். அவர் சொன்ன விலையையும் கீறல் இல்லாத ஒன்றின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போனது நாணயச்சாலையின் பெயருக்காக நான் மேலதிகமாய்க் கொடுத்த துண்டு மட்டும்தான். நிறையில் ஒரு மயிரளவும் குறையவில்லை. அன்று பெரிய கடையில் காட்டிய வெல்வெற் பெட்டிச் சாமானாக இருந்திருந்தால், முலாமும் போய், பெட்டியும் போய், கொடுத்ததில் பாதியாவது திருநீற்றோடு போயிருக்கும். நான் வாங்கியது வெள்ளியை. வெள்ளி அப்படியே இருந்தது. என் தெரிவு சரியா என்று பரீட்சை வைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. வதனி வைத்துவிட்டாள்.

அன்றைக்கே மிச்சத்தையும் வாங்கினேன். நாணயச்சாலை முத்திரையோடு மூடிய ஒரு குழாய், நாணயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக.

"இன்னும் ஒருக்கா யோசிங்கோ மெடம். நாளைக்கே எறங்கினா என்னைத் திட்டக்கூடா."

"இறங்கினா உங்களைத் திட்டமாட்டன். திட்டுறதுக்கு எனக்கு வீட்டில தம்பி இருக்கிறான்."

சரியாகவே சொன்னேன். சில வாரம் ஏறியது, பிறகு விழுந்தது. நேசன் இப்போது காலை வணக்கப் பூவுக்குப் பதிலாக வெள்ளி விலையை எனக்கு வட்ஸப்பில் அனுப்புகிறான். இறங்கிய நாள்களில் மட்டும். ஏறிய நாள்களில் பழையபடி பூ. என்னைவிட அவனுக்குத்தான் இப்போது வெள்ளி விலை தெரியும். நான் கட்டைவிரலைப் போட்டு அனுப்புகிறேன்.

வாசிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், இதைப் பார்த்து ஒருவரும் ஓடிப்போய் வெள்ளி வாங்க வேண்டாம். வெள்ளி வட்டி தராது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும். சோற்றுக் காசில் வாங்கக்கூடாது. எனக்கு இது பொருந்தியது, அவ்வளவுதான்.

லொக்கர் எடுக்க இங்கே வெள்ளவத்தையில் ஒரு வங்கிக்குப் போனேன். சிங்களப் பிள்ளை ஒன்று மேசையில் இருந்தது. பெயர், அடையாள அட்டை எல்லாம் எழுதிவிட்டு, இரண்டாவது பெயருக்கான கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது.

"தனியமத மிஸ்?" தனியாகவா என்று கேட்டது.

"ஓவ். தனியம." ஓம், தனியத்தான் என்றேன்.

இன்னொருமுறை கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு லொக்கர்த் திறப்பை என் கையில் தந்தது. எனக்குப் பிறகு யாருக்கு என்று சட்டத்தரணியிடம் எழுதி வைத்தாயிற்று, நேசனின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது எனக்குப் பிறகு.

இன்னொரு செய்தி, உனக்கு மட்டும் என்று சொல்ல முடியாது, எல்லோரும் வாசிக்கிறார்கள். போன கிழமை வதனி போன் எடுத்தாள். குரலைத் தாழ்த்திக் கதைத்தாள்.

"மச்சாள், எனக்கும் ஒண்டு வாங்கித் தாறியளே? தையல் காசு கொஞ்சம் கிடக்கு. அவருக்குத் தெரிய வேண்டாம்."

"ஒளிச்சு வாங்கித் தரமாட்டன் வதனி. நீங்களே வாங்கோ, உங்கட கையால எண்ணிக் குடுத்து, உங்கட பேரில பற்றுச்சீட்டு எடுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்."

"அவர் பேசுவார்."

"பேசுவான். எனக்கும் பேசினவன்தானே."

பிறகு, "என்ர நகையளும் அந்த லொக்கருக்குள்ளதான் மச்சாள்" என்றாள். "என்ர பேரும் அதில கிடக்கு. ஆனா திறப்பு எந்த மேசை லாச்சியில கிடக்குது எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இதைப் பேப்பரில் எழுதட்டோ என்று கேட்டேன், எழுதுங்கோ என்றாள். இந்தக் கடிதம் அச்சில் வரும்போது அவள் வாசிப்பாள். நேசனும் வாசிப்பான். வாசிக்கட்டும். அவன் முகத்துக்கு முன்னால் சொல்ல நான் தயங்கும் எதையும் இங்கே எழுதவில்லை. தம்பி, நீ நல்லவன். உன் மனைவிக்குத் திறப்பு இருக்கும் இடத்தைக் காட்டு.

அக்காச்சி, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வெள்ளி ஏறினால் ஏறட்டும், இறங்கினால் இறங்கட்டும். எனக்கு நோய் வருத்தம் வந்து படுத்தால், அந்தப் பெட்டியைத் திறப்பதா, எதை விற்பது, எந்த நாளில் விற்பது என்று நானே தீர்மானிப்பேன். பொறு என்று எனக்குச் சொல்ல எவரையும் விடமாட்டேன். நட்டம் வந்தால் அதுவும் என்னுடைய நட்டம், அதை நான் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உனக்குக் கிடைக்காதது அந்த உரிமை ஒன்றுதான். அதை எனக்கு எடுத்துக்கொண்டேன். உன்னிடம்கூடக் கேட்கவில்லை.

உனக்கு அடுத்துப் பிறந்து உன்னோடு வாதாடியே வளர்ந்த
தங்கச்சி மனோ
வெள்ளவத்தை